சிப்பியோடு எந்த வெள்ளை ஒயின்? மஸ்கடே வாங்கலாமா, ஷப்லியா?

துலூஸ்மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் நாந்த் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நண்பன் வீட்டுக்குப் போகிறேன். 31-ஆம் தேதி இரவு சிப்பி, மறுநாள் மதியம் வெண்ணெய்ச் சாஸோடு ஆற்றுமீன் என்று அவன் அம்மா முடிவு பண்ணிவிட்டார்களாம். ஒயின் என் பொறுப்பு.

இங்கே கடைக்காரர் யோசிக்கவே இல்லை, மஸ்கடே ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். விலை 7 யூரோ. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்கிறவரோ "அது வெறும் தண்ணீர், கொஞ்சம் கூடக் கொடுத்து ஷப்லி வாங்கிக்கொண்டு போ" என்கிறார். இனிப்பில்லாத வெள்ளை ஒயின் பிடிக்கும் என்பதைத் தாண்டி எனக்கு இதில் அதிகம் தெரியாது. ஒரு பாட்டிலுக்கு 15 யூரோ வரை கொடுக்க முடியும். யார் சொல்வதைக் கேட்பது?

நாந்த்வாசி

தம்பி, மஸ்கடேயே வாங்குங்கள். அந்த ஊர்க்காரர் வீட்டுக்கு அந்த ஊர் ஒயினைக் கொண்டுபோனால் சந்தோஷப்படுவார்கள். எந்தப் பாட்டில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

லுவார் ஆறு அட்லாண்டிக்கை நெருங்குகிற இடத்தில் நாந்த் இருக்கிறது. நகரத்துக்குத் தென்கிழக்கே செவ்ர், மேன் என்று இரண்டு சிற்றாறுகள் ஓடுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களின் ஒயினுக்குத்தான் மஸ்கடே செவ்ர் எ மேன் என்று பெயர். 1936-இலேயே இதற்கு அப்பெலாசியோன், அதாவது இன்ன இடத்து ஒயின் என்று சட்டம் காக்கிற பெயர், கிடைத்துவிட்டது. ஒரே ஒரு திராட்சைதான்: மெலோன் த பூர்கோஞ். பூர்வீகம் பர்கண்டி. 1709 குளிர்காலத்தில் ஐரோப்பா முழுக்க அடித்த கடும் பனியில் இங்கிருந்த கொடிகள் பெரும்பாலும் செத்துப்போயின. குளிரைத் தாங்கும் கொடி என்பதால் அதற்குப் பிறகு மெலோனை நிறைய நட்டார்கள். காய்ச்சி வடிக்க வெள்ளை ஒயின் தேடி வந்த டச்சு வணிகர்களும் அதைத்தான் கேட்டார்கள். மஸ்கட் திராட்சையோடு இதற்கு எந்த உறவும் கிடையாது. அந்த மணத்தையும் இனிப்பையும் எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

மெலோன் மணம் குறைந்த திராட்சை. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், நனைந்த கல், முடிவில் கொஞ்சம் உப்புக்கரிப்பு, அவ்வளவுதான். ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மரப்பீப்பாய் வாசனை இருக்காது. தனியாக ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பார்க்கிறவர் "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஆய்வக நண்பரும் அப்படித்தான் குடித்திருப்பார்.

சிப்பி வாயில் போனதும் முதலில் கடல் உப்பு வரும். இரண்டு மூன்று முறை மென்றால் அதற்குள்ளிருந்து ஒரு மெல்லிய இனிப்பு எழும். கொஞ்சம் பாலாடை, கொஞ்சம் பச்சைப் பருப்பு மாதிரி இருக்கும். காசு கொடுத்துச் சிப்பி சாப்பிடுவதே அந்த இனிப்புக்காகத்தான். மணம் தூக்கலான ஒயினைக் குடித்தால் அது மறைந்துபோகும். பீப்பாயில் ஊறிய சார்தொனே திராட்சை ஒயினைக் குடித்தால் வெண்ணெயும் வனிலாவும்தான் வாயில் நிற்கும். மஸ்கடேயின் புளிப்பு உப்பைக் கழுவிவிட்டு அந்த இனிப்பை விட்டுவைக்கும். ஒயின் எப்படி இருக்கிறது என்று கிளாஸை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒயினுக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும்.

கயல்_திஜோன்

நான் பர்கண்டியில் இருக்கிறேன், ஆகவே ஷப்லிக்காகப் பேசியே தீர வேண்டும். சிப்பியோடு ஷப்லி குடிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. பாரிஸின் பழைய உணவகங்களில் தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம். ஷப்லியும் சார்தொனேதான், ஆனால் அங்கே குளிர் அதிகம், புளிப்பு கூர்மையாக இருக்கும். சாதாரண ஷப்லியைப் பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியிலேயே வைத்திருப்பார்கள். அதனால் நீங்கள் சொன்ன வெண்ணெய், வனிலா இரண்டும் அதில் இருக்காது. தோட்டத்து மண்ணில் சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்களே கிடைக்கும். கிம்மெரிஜ் என்ற பழைய புவியியல் காலத்துச் சுண்ணாம்புக் களிமண் அது. கல்லைக் கையில் எடுத்தால் காற்புள்ளி வடிவத்தில் ஓடுகள் அப்படியே தெரியும்.

மஸ்கடேயைவிட ஷப்லியில் சதைப்பற்று கூடுதல். பெரிய சிப்பிக்கு அது வேண்டும். தம்பி, 15 யூரோவுக்கு நல்ல சாதாரண ஷப்லியே கிடைக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ்பத்து

லா ஷப்பேலில் இருந்து எழுதுகிறேன். எனக்கு மஸ்கடேயோடு நல்ல அனுபவம் இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு உணவகத்தில் கடலுணவுத் தட்டோடு கேட்டோம். ஐஸ் வாளியில் புதைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தால் புளித்தண்ணீர். வாசமும் இல்லை, ருசியும் இல்லை. மேசையில் இருந்த ஒருவரும் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பெயரைத் தொடவே இல்லை. நாந்த்வாசி அண்ணை சொல்வதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் கடையில் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

நாந்த்வாசி

பாரிஸ்பத்து, நீங்கள் சொன்ன ஒயின் உண்மையில் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த ஒயினுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

எழுபது எண்பதுகளில் மஸ்கடேக்கு ஏக கிராக்கி. இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் கொடிகளில் காய்ப்பைக் கூட்டினார்கள், பழுக்காத பழத்தைப் பறித்தார்கள். சாறு நீர்த்துப்போனது. 1991 ஏப்ரலில் விழுந்த உறைபனி விளைச்சலில் பெரும்பகுதியை அழித்தது, விலை எகிறியது, வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு ஒயினுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு விளைச்சல் திரும்பியது, அவர்கள் திரும்பவில்லை. அதன்பின் ஏராளமான விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கிப்போட்டார்கள். பெயர் கெட்ட கதை இதுதான்.

இன்னொன்று, ஐஸ் வாளி. மணம் குறைந்த ஒயினை 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் புளிப்பு மட்டுமே நாக்கில் தெரியும். 8 முதல் 10 டிகிரிதான் சரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். பாதி வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியது லேபிளில் 'செவ்ர் எ மேன்', 'சூர் லீ' என்ற இரண்டு சொற்கள். சூர் லீ அலங்காரத்துக்குப் போடுகிற சொல் அல்ல, அதற்குச் சட்டம் இருக்கிறது. சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்துத் தொட்டியின் அடியில் வண்டலாகப் படியும். பல ஊர்களில் ஒயினை அந்த வண்டலிலிருந்து இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே தொடுவதில்லை. குளிர்காலம் முழுக்க ஒயின் வண்டலின் மேலேயே கிடக்கும். மார்ச் 1-க்கு முன்னால் பாட்டிலில் அடைக்கக் கூடாது, அதுவும் எந்த நிலவறையில் ஊறியதோ அங்கேயே அடைக்க வேண்டும்.

இந்தப் பக்கம் தொட்டிகள் பெரும்பாலும் தரைக்கு அடியில் இருக்கும். காங்க்ரீட் குழி, உள்சுவரில் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். நிலவறைக்குள் போனால் பீப்பாய் வரிசையைக் காண முடியாது. தரையில் வட்ட வட்டமாக மூடிகள்தான் தெரியும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் ஒயின் தெரியும், ரொட்டிமாவு வாசனை மேலே வரும். மண்ணுக்குள் இருப்பதால் வெப்பநிலை ஏறி இறங்காது, வண்டல் கலங்காது.

வண்டல் என்ன செய்கிறது என்றால், செத்த ஈஸ்ட் மெதுவாகச் சிதைந்து ஒயினுக்குள் கரைகிறது. மெல்லிய ஒயினுக்கு அதனால் ஒரு கனம் வரும், நாக்கின் நடுவில் கொஞ்சம் வழவழப்பு தெரியும். வண்டல் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் ஒயின் பழசாகாமல் பச்சையாகவே இருக்கும். இடம் மாற்றாததால் நொதித்தலில் உண்டான கரியமில வாயுவில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். கிளாஸில் ஊற்றினதும் ஓரத்தில் இரண்டு மூன்று பொடிக்குமிழி நிற்பதைப் பார்க்கலாம். நாக்கின் நுனியில் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும். நீங்கள் உணவகத்தில் குடித்ததில் இது எதுவும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கயலுக்கு ஒரு வார்த்தை: நல்ல ஷப்லியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணில் இருக்கிற சிப்பி ஓடு கிளாஸுக்குள் சிப்பி ருசியாக வருகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். கொடியின் வேர் சுண்ணாம்பை அப்படியே உறிஞ்சி ஒயினில் வைப்பதில்லை. மஸ்கடே நிலத்தில் புதைபடிவமே கிடையாது, எல்லாம் கிரானைட், நைஸ், காப்ரோ என்று பழைய பாறைகள். இரண்டும் சிப்பிக்குப் பொருந்துவதற்குக் காரணம் குளிர்ந்த பருவநிலையும் அது தருகிற புளிப்பும்தான்.

அடுப்படி

நான் சென் மாலோவில் இருக்கிறேன். கான்கால் பக்கத்தில்தான், அதனால் வாரச் சந்தையில் சிப்பி வாங்குவது எனக்குக் காய்கறி வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் எல்லோரும் ஒயினைப் பற்றியே எழுதுகிறீர்கள், சிப்பியை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

தம்பி, எண் சின்னதானால் சிப்பி பெரியது. 3 என்றால் ஓட்டோடு 66 முதல் 85 கிராம். பழக்கம் இல்லாதவர்களுக்கு 3 அல்லது 4 போதும். உங்கள் நண்பன் வீட்டில் அநேகமாக பூர்ஞஃப் வளைகுடாச் சிப்பிதான் இருக்கும், நாந்துக்கு அதுதான் பக்கம். நல்ல உப்பு, சதை கெட்டி. மரேன் ஒலெரோன் பக்கத்திலிருந்து வரும் ஃபீன் த க்ளேர் இன்னும் மென்மையானது. கடைசி வாரங்களில் ஆழமில்லாத களிமண் குளங்களில் போட்டு வைத்திருப்பார்கள், உப்பு சற்றுக் குறைந்திருக்கும். சில சமயம் செவுள் ஓரம் பச்சையாக இருக்கும். பயப்பட வேண்டாம், அந்தக் குளத்தில் வளரும் ஒரு நுண்பாசியின் நிறம் அது.

மேசையில் ஒரு கிண்ணத்தில் வினிகரும் பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் வைப்பார்கள். நல்ல ஒயின் கையில் இருந்தால் அதைத் தொடாதீர்கள். வினிகர் பட்ட நாக்கில் எந்த வெள்ளை ஒயினும் சப்பென்றாகிவிடும். எலுமிச்சை வேண்டுமானால் இரண்டே சொட்டு. மஸ்கடே இருக்கும்போது அதுவும் தேவையில்லை, எலுமிச்சையின் வேலையை ஒயினே செய்துவிடும். பக்கத்தில் ரை தானிய ரொட்டியும் உப்பு வெண்ணெயும் இருக்கட்டும். இரண்டு சிப்பிக்கு ஒரு கடி ரொட்டி, ஒரு வாய் ஒயின்.

திறந்ததும் ஓட்டில் நிற்கிற முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சிப்பி திரும்பத் தண்ணீர் விடும். அந்த இரண்டாவது தண்ணீர் உப்புக் குறைந்து ருசியாக இருக்கும்.

ஒயினில் நான் நாந்த்வாசி பக்கம். ஷப்லி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு சிப்பி சாப்பிட்டு முடிக்கிற வரை அலுக்காமல் குடிக்க மஸ்கடேதான் வசதி.

துலூஸ்மாணவன்

அடுப்படி அக்கா, வினிகர் விஷயம் யாருமே எனக்குச் சொன்னதில்லை. நன்றி!

மறுநாள் மீனுக்கு என்ன செய்வது? ப்ரோஷே என்ற ஆற்றுமீன், மேலே ப்யேர் ப்ளான் சாஸ் என்று நண்பன் சொன்னான். இவ்வளவு மெல்லிய ஒயின் அவ்வளவு வெண்ணெய்க்கு முன்னால் தாங்குமா? அங்கேயாவது ஷப்லி வேண்டாமா?

நாந்த்வாசி

அந்தச் சாஸ் பிறந்ததே இந்த ஒயினில்தான்.

நாந்துக்குச் சற்று மேலே, லுவார் கரையில் சென் ஜுலியான் த கோன்செல் என்ற ஊர் இருக்கிறது. அதைச் சேர்ந்த லா ஷெபுயெத் என்ற ஆற்றங்கரைக் குடியிருப்பில் க்ளெமான்ஸ் லஃபேவ்ர் என்ற சமையல்காரர் உணவகம் நடத்திவந்தார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம். பெயார்னேஸ் சாஸ் செய்யப்போய் முட்டை மஞ்சள் கரு சேர்க்க மறந்ததில் இது உண்டானது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் கைச் சாஸைச் சாப்பிடத் தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

செய்முறையைச் சொல்கிறேன், நண்பனின் அம்மாவுக்கு அடுப்படியில் கைகொடுக்க உதவும். மூன்று எஷலோத்தை, அதாவது நம் சின்ன வெங்காயத்தின் பெரிய வகையை, எவ்வளவு பொடியாக அரிய முடியுமோ அவ்வளவு பொடியாக அரிந்துகொள்ள வேண்டும். அடி கனமான பாத்திரத்தில் அதைப் போட்டு, 10 சென்டிலிட்டர் மஸ்கடே, அதில் பாதி வெள்ளை ஒயின் வினிகர் ஊற்றிச் சிறு தீயில் வற்றவிட வேண்டும். அவசரப்படக் கூடாது. வெங்காயம் வெந்து குழைந்து, பாத்திரத்தைச் சாய்த்தால் ஒரு ஸ்பூன் ஈரம் மட்டும் ஓரத்தில் சேர வேண்டும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் சாஸ் நீர்த்துவிடும், முழுக்க வற்றினால் வெண்ணெய் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அப்புறம் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 250 கிராம் வெண்ணெய், சின்னச் சின்னத் துண்டாக. தீயை மிகவும் குறைத்து இரண்டு துண்டு போட்டு அடிக்க வேண்டும், அது கரையக் கரைய அடுத்த இரண்டு. ஒரு கட்டத்தில் உருகின நெய்யாகத் தெரிந்தது மாறி, கெட்டிப்பால் மாதிரி வெளுத்து நிற்கும். அந்த நிறம் வந்தால் தப்பித்தோம். கொதி வரவே கூடாது, வந்தால் வெண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். பாத்திரத்தைத் தொட்டால் கை பொறுக்கிற சூடு போதும். பிரியாமல் இருக்க ஒரு ஸ்பூன் க்ரீம் சேர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, க்ரீம் புளிப்பை மழுக்கிவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இது வெண்ணெய்ச் சாஸாக இருந்தாலும் அதன் முதுகெலும்பு புளிப்புத்தான். வற்றின ஒயினும் வினிகரும் உள்ளே இருக்கின்றன. இதற்குக் கொழுத்த ஒயினை வைத்தால் கொழுப்பின் மேல் கொழுப்பு, மூன்றாவது வாயில் திகட்டும். புளிப்புள்ள ஒயின் வைத்தால் ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு சுத்தமாகும். ப்ரோஷே வெள்ளைச் சதை, கொழுப்பே இல்லாத மீன், நிறைய முள். சாந்த்ர் மீன் கிடைத்தால் முள் குறைவு. இரண்டுக்கும் மஸ்கடே போதும்.

ஆனால் முதல் நாள் சிப்பியோடு குடித்த 7 யூரோ பாட்டிலையே இங்கேயும் வைக்கச் சொல்ல மாட்டேன். சாஸுக்கு ஈடுகொடுக்கக் கொஞ்சம் கனம் வேண்டும், அதற்குக் க்ரூ என்ற உயர்தர வகை இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கயல்_திஜோன்

புதைபடிவம் விஷயத்தில் நான் சொன்னது மண்ணைப் பற்றி மட்டும்தான். அந்த ருசி கிளாஸுக்குள் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த மண் உள்ள சரிவுகளில் சூரியனும் வடிகாலும் நன்றாக அமைகின்றன, அதனால்தான் பக்கத்திலிருக்கிற, ஒரு படி கீழான பெத்தி ஷப்லி வகையின் நிலத்தைவிட அங்கே பழம் நன்றாகப் பழுக்கிறது. அந்த வேறுபாட்டை யார் குடித்தாலும் சொல்லலாம்.

ப்யேர் ப்ளானோடு எனக்கு இன்னும் ஷப்லி ப்ரெமியே க்ரூ, அதாவது தரம் உயர்ந்த தோட்டத்து ஷப்லிதான் மேல். நான்கைந்து வருடம் ஆனதாக இருந்தால் புளிப்பும் இருக்கும், தேன் சாயலும் வந்திருக்கும். 15 யூரோவில் அது வராது என்பதால் தம்பிக்குப் பரிந்துரைக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். சாப்பாட்டுக்குப் பின் சீஸ் வருமே, அங்கே மஸ்கடே நிற்குமா? ஆட்டுப்பால் சீஸ் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சான்செர் ஒயினை எடுப்பேன். சான்செர் மலையடிவாரத்து ஷவிஞோல் கிராமத்திலேயே சோவிஞோன் ப்ளான் தோட்டமும் இருக்கிறது, க்ரோத்தேன் சீஸும் இருக்கிறது. ஒரே ஊரில் விளைந்த அந்த இரண்டுக்கும் நடுவில் வேறு ஒயினைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வராது.

நாந்த்வாசி

க்ரோத்தேனுக்கு சான்செர், அதில் சண்டையே இல்லை. மெலோனிடம் அந்தப் பச்சைப்புல் மணம் கிடையாது, ஆட்டுப்பாலின் கூர்மையோடு பேச அது வேண்டும்.

எங்கள் பக்கத்து சீஸ் க்யூரே நாந்தே. பசும்பால், சின்னதாக, ஈரத்தோல் உள்ள சீஸ். மஸ்கடேயால் தோலைக் கழுவி முதிரவைக்கிற வகையும் இருக்கிறது. வாசனை பயமுறுத்தும், ருசி அவ்வளவு முரடு இல்லை. அதனோடு இளம் மஸ்கடே தோற்றுவிடும், க்ரூ நிற்கும்.

சரி, க்ரூ கதை. மண்ணும் வளர்ப்பும் தனித்துத் தெரிகிற சில ஊர்களின் பெயரை லேபிளில் போட 2011-இல் அனுமதி கொடுத்தார்கள். முதலில் க்ளிஸோன், கோர்ஜ், ல பலே மூன்றும். பிறகு கூலேன், ஷத்தோ தெபோ, மோனியேர் சென் ஃபியாக்ர், மூஸியோன் தில்லியேர் சேர்ந்தன. கொடியில் காய்ப்பைக் குறைக்க வேண்டும், வண்டலின் மேல் ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஊற வேண்டும், பல வீடுகளில் அதற்கும் மேலே வைத்திருப்பார்கள். கடையில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இவ்வளவு காலம் வண்டலில் கிடந்தும் க்ரூ பாட்டிலில் 'சூர் லீ' என்று போட்டிருக்காது. அந்தச் சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கிற கெடு தாண்டிவிடுவதுதான் காரணம். ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

க்ளிஸோன் கிரானைட் மண். மூன்றில் அதுதான் பருத்தது, பழுத்த பேரிக்காய், சீமைமாதுளை மணம் வரும். கோர்ஜ் காப்ரோ பாறை சிதைந்த களிமண். முதலில் இறுக்கமாக, கொஞ்சம் புகைவாடையோடு இருக்கும், திறந்து அரைமணி கழித்துத்தான் விரியும். ப்யேர் ப்ளானுக்கு என் கை கோர்ஜைத்தான் தேடும், அந்த இறுக்கம் வெண்ணெயோடு நன்றாகப் போகிறது. க்ளிஸோனை வறுத்த கோழிக்கும் காளானுக்கும் வைத்துக்கொள்வேன். இந்த ஒயினைக் கடலுணவோடு மட்டும் கட்டிப்போடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. பத்து வருடம் ஆன நல்ல க்ளிஸோனைப் பெயர் சொல்லாமல் ஊற்றினால் பாதிப் பேர் பர்கண்டி என்பார்கள். மெலோனும் சார்தொனேயும் மரபணுவில் சகோதரர்கள், இரண்டுக்கும் பெற்றோர் பினோவும் கூவே ப்ளானும் என்று 1999-இல் தெரிந்துவிட்டது. ஆகவே கயல், நம் சண்டை ஒரே குடும்பத்துக்குள் நடக்கிற சண்டைதான்.

க்ரூ விலை பொதுவாக 12 யூரோவிலிருந்து 20 யூரோ வரை. இதே கவனத்தோடு செய்த வேறு பிரெஞ்சு வெள்ளை ஒயின் இந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். உழைப்புக்கு ஏற்ற விலை இந்த விவசாயிகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பாரிஸ்பத்து

அண்ணை, விளக்கத்துக்கு நன்றி. எங்கள் வீட்டில் மீன் என்றால் பொரியல்தான். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி எண்ணெயில் போடுவோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் சூடை, நெத்திலி ஏதாவது இருக்கும். அதோடு இது போகுமா? தேங்காய்ப்பால் விட்ட குழம்புக்கு? சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் வாயில் ஒரு இரும்பு நாற்றம் வருகிறதே, அதனால் வெள்ளை ஒயினுக்கு மாறலாம் என்று யோசிக்கிறேன்.

நாந்த்வாசி

அந்த நாற்றத்துக்குக் காரணம் நிஜமாகவே இரும்புதான். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கடலுணவையும் பல ஒயின்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு மீன் கொழுப்போடு சேரும்போதுதான் அந்தக் கவுச்சி வருகிறது என்று கண்டார்கள். இரும்பு கூடுதலாக இருந்தது பெரும்பாலும் சிவப்பு ஒயின்களில்தான்.

பொரித்த சின்ன மீனுக்கு மஸ்கடே தாராளமாகப் போகும். லுவார் கரையிலும் பொடிமீனை மாவில் புரட்டிப் பொரித்து இதனோடுதான் சாப்பிடுகிறார்கள். லா தூர்பால் துறைமுகத்து மத்தியைச் சுட்டு, கெராந்த் உப்புத் தூவிச் சாப்பிடுவதும் அப்படியே. எண்ணெயைப் புளிப்பு அறுக்கும். மிளகாய் மிதமாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆல்கஹால் குறைவு என்பதால் எரிச்சலைக் கூட்டாது. தூள் தூக்கலாக இருந்தால் ஒயினின் ருசி எதுவும் தெரியாது, அப்போது நல்ல பாட்டிலைத் திறக்காதீர்கள். தேங்காய்ப்பால் குழம்புக்கு வேண்டாம். தேங்காயின் இனிப்புக்குப் பக்கத்தில் இது வெறும் புளிப்பாகத் தெரியும். கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கிற வுவ்ரே தெமி செக் அதற்குப் பொருத்தம், அதுவும் லுவார் ஒயின்தான்.

அடுப்படி

மூல் என்கிற மட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கருப்பு ஓட்டு மூலை நாங்கள் குளிர்காலத்தில் அவ்வளவாக வாங்க மாட்டோம். கடலில் நட்ட மரக்கம்பத்தில் வளர்கிற பூஷோ வகைக்குக் கோடையும் இலையுதிர்காலமும்தான் பருவம். எஷலோத், வெண்ணெய், ஒரு கிளாஸ் மஸ்கடே, கொஞ்சம் பார்ஸ்லி, பெரிய தீ, மூடி. ஓடு திறந்ததும் இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் ரப்பர் ஆகிவிடும். உப்பு போடவே கூடாது, மூலே விடும். மிச்சமான அரைப் பாட்டில் இருந்தால் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் கார்க்கை அடித்து வைத்தால் இளம் மஸ்கடே இரண்டு மூன்று நாள் தாங்கும்.

சமையலுக்கு என்று தனியாக மட்டமான ஒயின் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வற்றினால் குறையும் சேர்ந்துதான் வற்றும். ஒரே பாட்டிலில் கொஞ்சம் சட்டிக்கு, மீதி மேசைக்கு.

துலூஸ்மாணவன்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி. இன்று வேறு கடைக்குப் போய்ப் பார்த்தேன். செவ்ர் எ மேன் சூர் லீ 8 யூரோ, கோர்ஜ் ஒன்று 14 யூரோ இருந்தது. சிப்பி இரவுக்கு முதலாவது இரண்டு, மீனுக்கு கோர்ஜ் ஒன்று என்று எடுத்துவிட்டேன். அம்மாவின் சாஸுக்கும் அந்த 8 யூரோ பாட்டிலிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்லப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. கோர்ஜை வேறு குடுவையில் ஊற்றி வைக்க வேண்டுமா? அப்புறம், ரயிலில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா, நிறுத்தித்தான் வைக்க வேண்டுமா?

நாந்த்வாசி

ரயிலில் எப்படி வைத்தாலும் ஒன்றும் ஆகாது, ஹீட்டருக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் கோர்ஜை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள், அடியில் ஏதாவது பொடி இருந்தால் படியட்டும். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் போதும், 11, 12 டிகிரியில் ஊற்றுங்கள். குடுவை இருந்தால் சாஸுக்கு வெங்காயம் அரிய ஆரம்பிக்கும்போதே ஊற்றிவிடுங்கள், மீன் மேசைக்கு வருவதற்குள் விரிந்திருக்கும். குடுவை இல்லாவிட்டால் தண்ணீர் ஜக்கே போதும், நன்றாகக் கழுவிச் சோப்பு வாசனை போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.